தஹாபில் முதன்முறை கடலுக்குள் இறங்குவோருக்கு: ஆவணம், செலவு, நாள் வரிசை

தஹாபுக்கு நான் ஒன்பது நாள் பயணமாகச் சென்றேன். அதில் ஒரு முழு நாள் ஒரே ஒரு மருத்துவப் படிவத்துக்காக வீணாயிற்று. முன்பணம் கட்டியிருந்த மலைப்பயணம் ஒன்றும் கைவிட்டுப் போயிற்று. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். நீங்கள் அந்த நாளையும் பணத்தையும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அகபா வளைகுடாவின் கரையில், ஷரம் எல் ஷேக் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் தஹாப் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் புல் முளைக்காத மலைகள், காலடியில் பவளப்பாறை. இங்கே பெரும்பாலான இடங்களில் படகு தேவையில்லை, கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் டைவிங்கைக் கற்க இது மலிவான இடமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1. விசா கைக்கு வரும் முன் விமானச்சீட்டு வாங்காதீர்கள்

சினாய் பகுதிக்கு மட்டும் பதினைந்து நாள் இலவச முத்திரை குத்துகிறார்கள் என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் குறிப்பிட்ட சில நாட்டவருக்கு மட்டுமே உரியது. அதை வைத்துக்கொண்டு கெய்ரோவுக்கும் போக முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதை நம்பிப் புறப்படக் கூடாது.

அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசா உங்கள் கடவுச்சீட்டில் இருந்தால், எகிப்து விமான நிலையத்திலேயே விசா பெறும் வசதி உண்டு. அப்படியானாலும் பயணத்துக்கு முந்தைய வாரம் விமான நிறுவனத்திடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னையில் உங்களை விமானத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்த நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவர்தான். இணைய விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள், தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் தங்கள் நாடு இருக்கிறதா என்று எகிப்து அரசுத் தளத்திலேயே பார்க்க வேண்டும். ஏறத்தாழ அதே தோற்றத்தில், இரண்டு மடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இ.ஜி.’ என்று முடிகிறதா என்று பாருங்கள். நான் போனபோது ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 டாலராக இருந்தது.

மற்றவர்கள் டெல்லியில் உள்ள தூதரகம் அல்லது மும்பையில் உள்ள துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, புகைப்படங்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, போக வர விமானப் பதிவு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விமானப் பதிவு கேட்கிறார்கள் என்பதற்காக, ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டை வாங்கிவிடாதீர்கள். நான் அதைச் செய்துவிட்டு, விசா வந்து சேரும்வரை தூக்கமில்லாமல் இருந்தேன். ஆறு வாரம் முன்னதாகத் தொடங்குவது பாதுகாப்பானது.

2. மருத்துவப் படிவத்தை ஊரிலேயே நிரப்புங்கள்

எனக்கு ஒரு நாளை வீணாக்கியது இந்தப் படிவம்தான். டைவிங் பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மருத்துவக் கேள்வித்தாளைத்தான் பயன்படுத்துகின்றன. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும். நுரையீரல், இதயம், காது, வலிப்பு, அறுவைச் சிகிச்சை, சர்க்கரை நோய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும். கருத்தடை மாத்திரைக்கும் ஒருசில மலேரியா தடுப்பு மருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு.

நான் காலையில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவன். அது நோயாகவே என் நினைவில் இல்லை. காப்பி குடிப்பதைப் போல அதுவும் ஒரு பழக்கம். படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்தேன். பயிற்றுநர் பேனாவை மூடிவிட்டு, மருத்துவர் கையெழுத்து இல்லாமல் உங்களை நீச்சல் குளத்தில்கூட இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். டைவிங் தெரிந்த மருத்துவரைத் தேடிக் காத்திருந்து, தனியாகப் பணம் கட்டி, கையெழுத்து வாங்கி வருவதற்குள் அந்த நாள் முடிந்துபோயிற்று.

ஆகவே, முன்பதிவு செய்தவுடன் படிவத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கேள்விக்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால், மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கத்தையும் அச்சிட்டு, உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். ‘இல்லை’ என்று பொய்யாகக் குறித்துவிட்டால் என்ன என்று அங்கே ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அப்படிச் செய்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளாகத்தான் இருக்கும்.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் டைவிங் விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரை மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கும். காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர நேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். டைவிங்குக்கென்றே குறுகிய காலக் காப்பீடுகள் கிடைக்கின்றன. அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. நீச்சலும் மீசையும்

அடிப்படைச் சான்றிதழ் படிப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். பிறகு பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நீந்துவதற்கு நேரக் கணக்கு இல்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் வந்துவிடும். கைகால் அடிக்காமல் மிதப்பதுதான் அவர்களைத் திணறடிக்கிறது. இரண்டு மாதம் முன்பாகவே இதைப் பழகிக்கொள்ளுங்கள். நீச்சலே தெரியாதவர்கள் படிப்பில் சேராமல், பயிற்றுநர் கூடவே அழைத்துச் செல்லும் அறிமுக டைவ் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். அதில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். மருத்துவப் படிவம் அதற்கும் உண்டு.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் மாஸ்க்கின் ஓரம் மேலுதட்டில் ஒட்டி உட்கார வேண்டும். அங்கே முடி இருந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். மீசையை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்கு நேர் கீழே விரலகலம் மழித்தால் போதும். நான் இரண்டு நாள் பிடிவாதம் பிடித்து, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி ஏறி, மூன்றாம் நாள் காலையில் சவரக்கத்தியை எடுத்தேன். கண்ணாடி அணிபவர்கள், பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று பயிற்சி மையத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எந்த மாதம்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். கோடையில் கடல் 28 டிகிரி வரை இதமாக இருக்கும். ஆனால் கரையில் வெட்சூட்டை (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டுக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடத்தில் உடம்பு வெந்துவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. நம் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அது நடுங்க வைக்கும் குளிர், அதிலும் வெளியே வந்தவுடன் வடக்கிலிருந்து வீசும் காற்று பட்டால் பல் கிட்டிவிடும். ஜனவரியில் போகிறவர்கள் காற்றுப் புகாத ஒரு மேலங்கியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

5. தஹாபுக்குப் போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து வளைகுடா நகரங்களில் ஒன்றின் வழியாகக் கெய்ரோ. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஷரம் எல் ஷேக். பிறகு காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தங்குமிடத்தாரிடம் சொல்லிக் காரை முன்பே பேசிக்கொண்டால், விமான நிலைய வாசலில் கேட்கும் விலையைவிட நிச்சயம் குறைவாக முடியும். கெய்ரோவிலிருந்து பேருந்தும் உண்டு. விலை மிகக் குறைவு, ஆனால் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். வழியில் பல சோதனைச் சாவடிகளில் நடுச்சாமத்தில் எழுப்பிக் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். சில இடங்களில் பெட்டியையும் திறக்கச் சொல்வார்கள். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவடிகளிலும் பாலைவனப் பயணங்களிலும் அவை செலவழிந்துகொண்டே இருக்கும்.

காணொலி எடுக்கும் ஆர்வத்தில் டிரோன் கொண்டுபோகாதீர்கள். எகிப்தில் அனுமதியின்றி அதைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள்.

பணத்தை டாலராகவோ யூரோவாகவோ, கிழிசலும் எழுத்தும் இல்லாத தாள்களாகக் கொண்டுபோங்கள். ரூபாய் அங்கே மாறாது.

6. பயிற்சி மையம்: விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியவை

எகிப்தில் டைவிங் மையங்களுக்கு உரிமம் தரும் அமைப்பு சி.டி.டபிள்யு.எஸ். எனப்படும் முக்குளிப்பு, நீர் விளையாட்டுச் சம்மேளனம். உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தயங்காமல் காட்டுகிறவர்களிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

நான் விசாரித்தபோது அடிப்படைப் படிப்புக்கு 300 முதல் 400 யூரோ வரை சொன்னார்கள். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்பதில்தான் சிக்கல். இணையப் பாடத்துக்கான கட்டணம், சான்றிதழ் கட்டணம், உபகரண வாடகை, வெளியிடங்களுக்கு ஜீப், டைவ் இடங்களின் நுழைவுக் கட்டணம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும் விடக் குறைந்த விலை சொன்ன ஓர் இடத்தில், இந்த ஐந்தையும் கூட்டியபோது அதுவே எல்லாவற்றிலும் அதிகமாக வந்தது.

ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள். விதிப்படி எட்டுப் பேர் வரை போகலாம். ஆனால் முதன்முறை தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றும்போது, உங்கள் பயிற்றுநர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா, ஏழாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நால்வருக்கு மேற்படாத குழு தஹாபில் எளிதாகக் கிடைக்கும்.

7. படிப்பின் நாள்கள்

பாடங்களை ஊரிலேயே இணையத்தில் படித்து முடித்துவிட்டால், தஹாபில் மூன்று நாள் போதும். நான்காக வைத்துக்கொண்டால் பதற்றமில்லை. முதலில் ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். ஊரின் நடுவே உள்ள லைட்ஹவுஸ் கடற்கரையில்தான் பெரும்பாலான தொடக்கப் பயிற்சிகள் நடக்கின்றன. கரையோரக் கற்கள் வழுக்கும். முதுகில் சிலிண்டரோடு அவற்றின்மேல் நடப்பதுதான் முதல் நாளின் கடினமான பாடம் என்றே சொல்வேன். அடி தடித்த ரப்பர் காலணி தருகிறார்களா என்று பாருங்கள்.

சைகைகளைப் பற்றி ஒரு சொல். ஆறு மீட்டர் ஆழத்தில், மணல்மேல் மண்டியிட்டபடி, முதன்முறையாக ஒரு சிங்கமீன் எனக்கு முன்னால் செட்டைகளை விரித்துக்கொண்டு போயிற்று. மகிழ்ச்சியில் பயிற்றுநரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் உடனே என் தோளைப் பிடித்து, என் காற்றுமானியைப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னை மேலே அழைத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். படித்திருந்தும் கை பழக்கத்தில் போய்விடுகிறது.

காதில் அழுத்தம் சேர்வதை வலி வந்த பிறகு சரிசெய்ய முயலாதீர்கள். மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுவதைத் தலை நீரில் மூழ்கியவுடனே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் செய்துகொண்டே இறங்குங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது. அதற்காகவே உங்கள் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.

இந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை போகலாம். ஈல் கார்டன் என்னும் இடத்தில், மணலிலிருந்து நூற்றுக்கணக்கான விலாங்குகள் பயிர்போல் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். கிட்டே போனால் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணுக்குள் இறங்கிவிடும். படிப்பு முடிந்து முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து. செங்கடலின் புகழ்பெற்ற கப்பல் சிதைவான திசில்கார்ம், ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் உள்ள இடத்தில் கிடக்கிறது. அடுத்த நிலைப் படிப்பை முடிக்காமல் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

8. ப்ளூ ஹோல்: எதுவரை போகலாம்

ஊரிலிருந்து வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில், கரையை ஒட்டி, நூறு மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள இந்தக் குழி இருக்கிறது. ஜீப்பில் போக வேண்டும்; வழியில் சோதனைச் சாவடி உண்டு என்பதால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் தனி.

டைவிங் தெரியாதவர்கள்கூட, மாஸ்க்கும் சுவாசக்குழாயும் வைத்துக்கொண்டு, குழியின் விளிம்பில் உள்ள பவளச் சுவரை மேலிருந்தே பார்க்கலாம். காலையில் காற்று எழும்புவதற்கு முன் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் ஷரம் நகரிலிருந்து வரும் கூட்டம் சேர்ந்துவிடும்.

கரைப் பாறையில் பதித்திருக்கும் நினைவுப் பலகைகள் அங்கே இறந்த டைவர்களுடையவை. குழியையும் வெளிக்கடலையும் இணைக்கும் வளைவு ஒன்று ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் நீளம் 26 மீட்டர் அளவு. தெளிந்த நீரில் மறுபக்க வெளிச்சம் தெரிவதால், கைக்கெட்டும் தூரம்போலத் தோன்றும். அந்த ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப்போல ஆறரை மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே வேகத்தில் தீரும். அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் தரும் போதை தலைக்கேறி, தீருவதை உணரும் அறிவையும் மழுக்கிவிடும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். “ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்” என்று யாராவது அழைத்தால், அவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் மறுத்துவிடுங்கள். பெல்ஸ் என்னும் பாறைப் பிளவில் இறங்கி, சுவரை வலப்புறம் வைத்துத் தெற்கே மிதந்து வந்து, ஆறேழு மீட்டர் ஆழத்தில் உள்ள மேட்டைக் கடந்து ப்ளூ ஹோலுக்குள் நுழையும் டைவ் இருக்கிறது. அதுவே போதுமான அழகு, ஆனால் அந்தப் பிளவு ஏறத்தாழ 26 மீட்டர் வரை இறங்குகிறது என்பதால், 30 மீட்டருக்கான அடுத்த நிலைச் சான்றிதழுக்குப் பிறகே அதைச் செய்ய வேண்டும்.

அங்கிருந்து ராஸ் அபு கலூம் இயற்கைக் காப்பகத்துக்குப் படகிலோ ஒட்டகத்திலோ போகலாம். கரையோரமாக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். கடவுச்சீட்டு அங்கும் வேண்டும்.

9. மலையும் பாலைவனமும்: வரிசை தவறினால் ஆபத்து

நான் பணம் இழந்தது இங்கேதான். ஐந்தாம் நாள் மதியம் கடைசி டைவ். அன்றிரவே சினாய் மலை ஏறுவதற்கு ஊரிலிருந்தே முன்பணம் கட்டியிருந்தேன். தஹாபில் இரவு பதினொரு மணி வாக்கில் வண்டி புறப்படும். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கி உச்சியில் சூரிய உதயம் பார்ப்பார்கள். பயிற்றுநரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

டைவ் செய்தபின் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், காற்றழுத்தம் குறைந்து, அது குமிழிகளாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். விமானத்தில் பறப்பதற்கும் இதே விதிதான்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம்; 24 என்று வைத்துக்கொள்வது நல்லது. மலையடிவாரத்தில் உள்ள செயின்ட் கேதரின் ஊரே 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மலையுச்சி 2,285 மீட்டர். கடலையும் மலையையும் ஒரே விளம்பரப் பலகையில் விற்கிற முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே மலையைப் படிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஏறிவிட்டு வந்த பின் ஒரு நாள் ஓய்வெடுத்துக் கடலில் இறங்குவதில் சிக்கல் இல்லை. மலையேற பெதூயின் (சினாய்ப் பாலைவனப் பழங்குடி) வழிகாட்டி கட்டாயம். குளிர்காலத்தில் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அடிவாரத்தில் உள்ள செயின்ட் கேதரின் கிறிஸ்தவ மடம் காலை வேளையில் மட்டுமே திறந்திருக்கும். வெள்ளியும் ஞாயிறும் மூடியிருக்கும் என்பதால் கிழமை பார்த்துப் பதிவு செய்யுங்கள். வெள்ளைப் பள்ளத்தாக்கு போன்ற உள்நாட்டு மேட்டுநிலப் பயணங்களையும் இதே கணக்கில் முன்னால் வையுங்கள்.

10. கடைசி நாள்

புறப்படுவதற்கு முந்தைய நாளை டைவ் இல்லாத நாளாக வைத்து, ஊருக்கு அருகிலேயே உள்ள வாதி கினாய் பள்ளத்தாக்கில் மாலையைக் கழிக்கலாம். அது உயரமான இடம் இல்லை. பெதூயின்கள் மணலில் விரிப்புப் போட்டு, தணலில் வேகும் ரொட்டியும் சோறும் தருவார்கள்; சைவம் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு மணிக்குமேல் விளக்கை அணைத்துவிட்டால் வானம் முழுவதும் நட்சத்திரம்.

அன்று பகலிலேயே பயிற்சி மையத்துக்குப் போய், உங்கள் டைவ் பதிவேட்டில் பயிற்றுநரின் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் ஒவ்வொரு டைவுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டதையும், அதில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருப்பதையும் சரிபாருங்கள். என்னுடையதில் அப்பா பெயர் முன்னால் வந்து, நான் யாரோ ஆகியிருந்தேன். நேரில் இருந்ததால் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கரையில் பொறுக்கிய சங்கு, பவளத்துண்டு எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. அவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். ஷரம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தே பார்க்கிறார்கள்.